லேண்ட்மார்க்கில் யாரும் "என்ன வேணும்?" என்று கேட்டதில்லை

நான் கல்லூரியில் சேர்ந்த 1996-இல் சென்னையின் பெரும்பாலான கடைகளில் உள்ளே காலை வைத்ததுமே ஒருவர் எதிரில் வந்து நிற்பார். "என்ன வேணும்?" பையில் பஸ் பாஸும் இருபது ரூபாயும் மட்டும் இருக்கிற பையனிடம் அதற்கு என்ன பதில் இருக்கும்? "சும்மா பாக்கலாம்னு" என்று இழுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலையில், அபெக்ஸ் பிளாசாவின் தரைக்குக் கீழே இருந்த லேண்ட்மார்க் புத்தகக் கடையில் அப்படி யாரும் கேட்கவில்லை. அந்த முதல் நாளிலிருந்து, அந்தக் கடையை மூடும் வரை அதன் வாடிக்கையாளனாக இருந்தேன். கொஞ்ச நாள் பழக்கமில்லை. படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் அதற்குள் நடந்து முடிந்துவிட்டன. அந்த அனுபவத்தை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

பல்லாவரத்திலிருந்து பஸ் ஏறி ஜெமினியில் இறங்கி நடப்பேன். மே மாத மத்தியானம் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். படிக்கட்டில் இறங்கினால் ஏசி குளிர் முதலில் முகத்தில் படும், அப்புறம் புதுக் காகித வாசனை. பையை வாங்கிக்கொண்டு ஒரு டோக்கன் கொடுப்பார்கள். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் சரி, இனி மாலை வரை நம்மை யாரும் தேட மாட்டார்கள். அலமாரிக்கும் அலமாரிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தே படிக்கலாம். ஒரு நாவலை நாலு சனிக்கிழமையில், விட்ட பக்கத்தை மனதில் குறித்துவைத்துக்கொண்டு முடித்திருக்கிறேன். நாலாவது சனிக்கிழமை, அலமாரியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். எழுந்திருக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ குனிந்து, "தம்பி, அதே ஆளோட இன்னொண்ணு மேல் ரேக்குல இருக்கு, எடுத்துத் தரட்டா?" என்றார். அந்த இன்னொரு புத்தகத்தைத்தான் பிறகு என் முதல் சம்பளத்தில் வாங்கினேன். 195 ரூபாய்.

ஹேமு ராமையா என்ற பெண்மணி 1987-இல் தொடங்கிய கடை இது. புத்தகம் விற்கிற இடத்தில் வாசகனை நிம்மதியாக உலவ விட்டால் அவன் திரும்பத் திரும்ப வருவான், என்றைக்காவது வாங்குவான் என்ற நம்பிக்கை அந்தக் கடையின் ஒவ்வொரு மூலையிலும் தெரிந்தது. என் விஷயத்தில் அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. வேலைக்குப் போன பிறகு நான் அங்கே செலவழித்த பணம், மாணவனாக இலவசமாகப் படித்ததற்கு வட்டியோடு ஈடாகியிருக்கும். புத்தகம் மட்டுமா? கேசட், சிடி, வாழ்த்து அட்டை, பேனா, பொம்மை எல்லாம் அங்கேதான். தமிழ்ப் புத்தகத்துக்கு தி.நகர் பக்கமும் ஜனவரி புத்தகக் காட்சிக்கும் போவேன். ஆனால் ஒரு தேவையும் இல்லாமல் போய் நிற்க லேண்ட்மார்க்தான்.

ஆகஸ்ட் 15-ஐ இங்கே சொல்லாமல் விட முடியாது. சென்னையில் வினாடி வினா பைத்தியம் பிடித்தவர்களுக்கு சுதந்திர தினம் என்றால் கொடியேற்றம், மிட்டாய், லேண்ட்மார்க் க்விஸ். டாக்டர் நவீன் ஜெயக்குமார் நடத்துவார். மூன்று பேர் ஓர் அணி, வயது வரம்பு கிடையாது. அப்பா, பிள்ளை, தாத்தா என்று ஒரே வீட்டிலிருந்து வந்த அணிகளைப் பார்த்திருக்கிறேன். மியூசிக் அகாடமி அரங்கில் நூற்றுக்கணக்கான அணிகள் உட்கார்ந்து எழுத்துச் சுற்று எழுதும். நாங்கள் மூன்று நண்பர்கள் வருடா வருடம் போனோம், ஒருமுறைகூட மேடை ஏறவில்லை. அதில் எங்களுக்கு வருத்தமே இருந்ததில்லை. நம்மைப் போலவே உபயோகமில்லாத தகவல்களை ஆசை ஆசையாய்ச் சேர்த்துவைக்கிறவர்கள் ஓர் அரங்கு நிறைய இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதே பெரிய ஆறுதல்.

2005-இல் டாடாவின் டிரென்ட் நிறுவனம் லேண்ட்மார்க்கின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. ஸ்பென்சர் பிளாசா, மயிலாப்பூர் சிட்டி சென்டர் என்று சென்னையிலும் வெளியூர்களிலும் கிளைகள் இருந்தன. ஸ்பென்சருக்குப் போனால் கூடவே மியூசிக் வேர்ல்டும் உண்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்க அங்கே வரிசையில் நிற்போம். அதுவும் 2013-இல் போய்விட்டது. பாட்டு செல்போனுக்குள் வந்த பிறகு சிடி அடுக்கிய அலமாரிக்கு யார் வாடகை கட்டுவது?

புத்தகத்தின் கதையும் அப்படித்தான். 2007-இல் பெங்களூரில் தொடங்கிய ஃப்ளிப்கார்ட் முதலில் விற்றது புத்தகம்தான். 2010-இல் பொருள் வீட்டு வாசலுக்கு வந்ததும் காசு கொடுத்தால் போதும் என்று ஆக்கினார்கள், கிரெடிட் கார்டு இல்லாதவர்களும் வாங்க ஆரம்பித்தார்கள். 2013-இல் அமேசானும் வந்தது. கடைக்காரர் வாடகை, ஏசி, ஊழியர் சம்பளம் எல்லாவற்றையும் அட்டையில் அச்சிட்ட விலைக்குள்ளேதான் சமாளிக்க வேண்டும். இவர்களோ அதே புத்தகத்தை அந்த விலையிலிருந்து குறைத்துத் தந்தார்கள்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 2011 வாக்கில் லேண்ட்மார்க்கில் ஒரு தடிமனான வரலாற்றுப் புத்தகத்தை முக்கால் மணி நேரம் புரட்டினேன். பிடித்துவிட்டது. பெயரை மனதில் வைத்துக்கொண்டு புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஆன்லைனில் வாங்கினேன். நூற்றைம்பது ரூபாய் மிச்சம். அப்போது கெட்டிக்காரத்தனம் செய்த மாதிரிதான் இருந்தது. இப்போது அந்தப் புத்தகத்தை எடுத்தாலே அந்த முக்கால் மணி நேரத்துக்குக் காசு கொடுக்காமல் வந்த நினைப்புதான் வருகிறது. என்னைப் போல எத்தனை பேர் செய்திருப்பார்களோ.

ஆன்லைன் வசதியை நான் குறை சொல்ல மாட்டேன். கடையில் கிடைக்காத புத்தகமெல்லாம் அதில் கிடைக்கிறது, மலிவாகவும் கிடைக்கிறது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் மேலே ஒரு தேடல் பெட்டி நிற்கிறது. அதே பழைய "என்ன வேணும்?" எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாத நாட்களில்தான் நல்ல புத்தகங்களாகக் கண்ணில் பட்டிருக்கின்றன. சமையல் புத்தகம் தேடிப்போன இடத்தில், பக்கத்து அலமாரியில் யாரோ மாற்றி வைத்துவிட்டுப் போன பறவைகள் புத்தகத்தை எடுத்தேன். அன்றைக்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை வேடந்தாங்கல் போகிறேன்.

இப்போது அந்தப் பசி எடுத்தால் மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸுக்குப் போகிறேன். 1844-இல் தொடங்கிய கடை, இன்னும் இருக்கிறது. முடிந்த மட்டும் அங்கேயே காசு கொடுத்து வாங்கிவிடுகிறேன்.

போன மாதம் மகள் அந்த 195 ரூபாய்ப் புத்தகத்தைப் படிக்க எடுத்தாள். அட்டை நைந்திருந்ததால் பிளாஸ்டிக் உறை போடலாம் என்றாள். பின் அட்டையில் லேண்ட்மார்க் விலைச் சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது, எண்கள் பாதி அழிந்துவிட்டன. "இதை உரிச்சிடவாப்பா?" என்று நகத்தை வைத்தாள். வேண்டாம்மா, அதுக்கு மேலேயே உறையைப் போடு என்றேன்.