டாம் பாம்படில்: படைத்த கடவுளா, மண்ணின் ஆவியா?

டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் வரும் விசித்திரப் பாத்திரமான டாம் பாம்படில் உண்மையில் யார்? வாசகர்கள் இன்னும் விடாமல் வாதாடும் புதிர் இது. மந்திரவாதி கேண்டால்ஃபே ஏற்க அஞ்சிய, அணிபவரை மறைத்துவிடும் மோதிரத்தை பாம்படில் விரலில் மாட்டிப் பார்க்கிறார், மறையவில்லை. கதை நாயகன் ஃப்ரோடோ அதை அணிந்து மறைந்தபோதும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

ஒரு தரப்பு, அவர்தான் டோல்கீனின் கதையுலகைப் படைத்த ‘எரு’ என்னும் கடவுள் என்கிறது. “அவர் யார்?” என்ற கேள்விக்கு பாம்படிலின் மனைவி கோல்ட்பெர்ரி, கடவுளைச் சொல்வதுபோல் “அவர் இருக்கிறார்” என்று சொல்வதே இவர்களின் பிடிமானம். கேட்கும்போது எனக்கும் சிலிர்க்கும். ஆனால் அந்தப் பதிலுக்கு அப்படிப் பொருளில்லை என்று டோல்கீனே 1954-இல் ஒரு கடிதத்தில் மறுத்துவிட்டார். மோதிரத்தை என்ன செய்வது என்று எல்ஃப் தலைவர் எல்ராண்ட் கூட்டும் அவையிலும், மற்ற எல்லாம் வீழ்ந்தால் பாம்படிலும் கடைசியில் வீழ்வார் என்கிறார் கிளோர்ஃபிண்டெல் என்னும் எல்ஃப். படைத்தவன் தன் படைப்பிடம் தோற்பானா?

இன்னொரு தரப்புக்கு அவர் மண்ணின் ஆவி. என் மனம் இந்தப் பக்கம்தான். 1937-இல் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், மறைந்துவரும் ஆக்ஸ்ஃபோர்ட், பெர்க்‌ஷயர் நாட்டுப்புறத்தின் ஆவி என்றே பாம்படிலைக் குறிப்பிடுகிறார் டோல்கீன். மோதிரத்தைச் செய்த எதிரியான சவுரானை எதிர்க்கும் வலிமை மண்ணிலேயே இருந்தாலன்றி பாம்படிலிடம் இல்லை என்று அதே அவையில் கால்டோர் என்னும் இன்னொரு எல்ஃபும் சொல்கிறார். தானே வகுத்த எல்லையை பாம்படில் தாண்டுவதுமில்லை. மோதிரம் தோற்கும் காரணமும் இதில் விளங்குகிறது: அது ஆசையைப் பிடித்து இழுப்பது, மண்ணுக்கு எதையும் உடைமையாக்கும் ஆசை கிடையாது. காட்டுக்கு அவர் தலைவர். ஆனால் மரமும் புல்லும் தத்தமக்கே சொந்தம் என்கிறாள் கோல்ட்பெர்ரி.

ஆற்றுக்கும் மரங்களுக்கும் முன்பே தான் இருந்ததாக அவர் சொல்வதை எரு தரப்பினர் எடுத்துக்காட்டுவார்கள். மண்ணும் மரத்துக்கு மூத்ததுதானே!