அங்கன்வாடிக்கு யார் காசு கொடுப்பது: கம்பெனியா, ஊரா, முதலாளியா?

அங்கன்வாடி என்றால் அரசாங்கம்தான் நடத்துகிறது, 1975 அக்டோபர் 2 முதல் அப்படித்தான். டீச்சர் சம்பளமும் அரிசி, பருப்பு, முட்டையும் அங்கிருந்து வந்துவிடும். ஒழுகுகிற கூரை, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, சாயங்காலம் வரை பிள்ளையை வைத்துக்கொள்ள இன்னொரு ஆள் என்று பேச்சு வரும்போதுதான் வெளியே கை நீட்ட வேண்டியிருக்கிறது. நீட்டினால் மூன்று பக்கமிருந்து பணம் வரலாம். மூன்றிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: ஐந்து வருஷம் கழித்தும் வருமா, அதுவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு வருமா?

முதலில் சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. தொகை பெரியது, கட்டடம் ஒரே வருஷத்தில் எழும்பிவிடும், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சட்டத்தின் கணக்கில் நீண்டகாலத் திட்டம் என்றாலும் தொடங்கிய வருஷம் போக மூன்று வருஷம்தான். அதனால்தான் சுவரில் சோட்டா பீம், பெரிய டிவி, சறுக்குமரம் எல்லாம் சுலபமாகக் கிடைக்கிறது, ஓர் ஆயாம்மாவின் சம்பளத்தைக் கேட்டால் மட்டும் கம்பெனிக்காரர்கள் நெளிகிறார்கள். வேதாந்தாவின் நந்த் கர் திட்டம் (ஸ்டெர்லைட் ஆலையின் கம்பெனி, தூத்துக்குடிக்காரர்களுக்கு வேதாந்தா என்ற பெயரே கசக்கும், அது வேறு கதை) ஆயிரக்கணக்கில் மாதிரி அங்கன்வாடிகளை எழுப்பியிருக்கிறது. அதிலும் படத்தில் பளிச்சென்று தெரிவது டிவியும் சோலார் தகடும்தான்.

ஊர்ப் பணம் வேறு ரகம். கல்விச் சீர் பார்த்திருப்பீர்கள்: மேளதாளத்தோடு ஊரே ஊர்வலமாக வந்து பீரோ, மிக்சி, குக்கர், குட்டி நாற்காலி, தட்டு, டம்ளர் எல்லாம் இறக்கிவைத்துவிட்டுப் போகும். அடுத்த வாரமே ஃபேன் இறக்கையில் ‘உபயம்’ என்று பெயர் ஏறிவிடும். ஏறட்டும், பெயர் போட்டவர் அந்த ஃபேன் நின்றுபோனால் தானே வந்து பார்ப்பார், கம்பெனியில் இருந்து யாரும் வர மாட்டார்கள். பெரிய வேலை என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும்.

ஊர்ப் பணத்தைப் புகழ்கிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. ஊருக்குள் இருக்கும் மையத்துக்குச் சீர் வரும், காலனி மையத்துக்கு யார் கொண்டுபோவது? நமக்கு நாமே திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதிகளுக்குப் பங்கு ஐந்தில் ஒன்றாகக் குறைக்கப்பட்டிருக்கிறது, சரி, ஆனால் நூறு நாள் வேலையை நம்பியிருக்கும் தெருவில் அந்த ஐந்தில் ஒன்றும் எங்கிருந்து வரும்? இருக்கிற இடத்தில் இன்னும் சேரும், இல்லாத இடம் அப்படியே கிடக்கும். வெளியிலிருந்து வருகிற சிஎஸ்ஆர் பணம் மனசு வைத்தால் அந்தத் தெருவுக்கே நேராகப் போகலாம், அந்த ஒரு விஷயத்தில் அதுதான் மேல்.

மூன்றாவது முதலாளி. இது தானமே இல்லை, கடமை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பக அறை வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைச் சட்டம். தேயிலைத் தோட்டங்களுக்கு 1951-இல் தனிச் சட்டம். 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் ஆண், பெண் யாரானாலும் 50 பேர் இருந்தாலே காப்பகம் என்றது, தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் சொன்னது. என் கேள்விக்குக் காகிதத்திலாவது முழு மார்க் வாங்குவது இது ஒன்றுதான், ஆலை ஓடுகிற வரை காப்பகமும் ஓடியாக வேண்டும், பார்த்துக்கொள்கிற ஆளின் சம்பளமும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

நடைமுறை உங்களுக்கே தெரியும். ஜவுளி ஆலைகளில் பையர் ஆடிட் (சரக்கு வாங்குகிற கம்பெனியின் சோதனை) அன்று மட்டும் பூட்டுத் திறக்கிற அறைகள் உண்டு, உள்ளே பிரிக்காத பொம்மைப் பெட்டி இருக்கும். அப்புறம், பஞ்சுத் தூசிக்கு நடுவே, கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றபடி எந்தத் தாய் கைக்குழந்தையைத் தூக்கி வருவாள்? பிள்ளைக்குக் காப்பகம் வேண்டியது வீட்டுப் பக்கம். அங்கே இருக்கும் அங்கன்வாடியோ ஷிஃப்ட் முடிவதற்கு வெகுநேரம் முன்பே மூடிவிடுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தன் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கம்பெனி செய்கிற செலவு சிஎஸ்ஆர் கணக்கில் சேராது. அதே கம்பெனி தெருக்கோடி அங்கன்வாடிக்குப் பெயின்ட் அடித்தால் சேரும். பெயின்ட் அடிக்கத்தானே செய்வார்கள்!

என்னைக் கேட்டால், கட்டடத்துக்கு சிஎஸ்ஆர், அதுவும் காலனி மையத்துக்கு முதலில். மிக்சியும் ஃபேனும் ஊர் பார்த்துக்கொள்ளட்டும். திருப்பூர் மாதிரி ஊரில் சின்னச் சின்ன யூனிட்டுகள் தனித்தனியாகப் பூட்டிய அறை வைத்திருப்பதைவிட, ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் போட்டு, தொழிலாளர் குடியிருக்கும் தெருவிலேயே ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்கும் ஒரு பொதுக் காப்பகம் நடத்தலாம். பொதுவாகச் சேர்ந்து நடத்துவதை 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அனுமதிக்கிறது. பெற்றோரிடமும் கொஞ்சம் வாங்கலாம், அகமதாபாத்தில் சேவா என்கிற பெண் தொழிலாளர் அமைப்பின் காப்பகக் கூட்டுறவில் தாய்மார்கள் கட்டணம் கட்டுகிறார்கள். அது முழுச் செலவுக்கும் காணாது, ஆனால் காசு கட்டின தாய் காப்பகம் லேட்டாகத் திறந்தால் வாசலிலேயே நின்று சத்தம் போடுவாள்.