சுங்கை சிப்புட் மளிகைக்கடை: எல்லாம் வாங்கலாம், உருளைக்கிழங்கை மட்டும் பார்த்து எடுங்கள்

தோட்டத்து லயத்தை விட்டு டவுனுக்குக் குடி வந்து எட்டு வருஷம் ஆகிறது, அன்றிலிருந்து எனக்கு இந்தக் கடைதான். மிளகாய்த்தூள், பருப்பு, நல்லெண்ணெய் எதிலும் குறை சொல்ல முடியாது. சீரகம் கேட்டால் கையில் கொஞ்சம் கொட்டி, முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கு என்பார் கடைக்கார அண்ணன். சம்பளம் தள்ளிப் போனால் புத்தகத்தில் எழுதிக்கொண்டு சாமானைக் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்டவரைப் பற்றி இப்படி எழுத மனம் சங்கடப்படுகிறது, ஆனால் பிள்ளைகள் சாப்பிடுகிற பொருள், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உருளைக்கிழங்கு விஷயம்தான். நான் காலையில் கறிபாப் போட்டு விற்கிறேன், வாரத்துக்குப் பத்து கிலோ கிழங்காவது வேண்டும். இந்தக் கடையில் கிழங்கைக் கம்பிக் கூடையில் கொட்டி வாசலிலேயே வைத்திருக்கிறார்கள், காலை வெயில் நேராக அதன் மேல்தான் விழும், ராத்திரி கடை சாத்துகிற வரை தலைக்கு மேலே டியூப் லைட். போன மாதம் ஐந்து கிலோ வாங்கினேன். மண் ஒட்டியிருந்ததால் கடையில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் கழுவினால் பாதிக் கிழங்கு ஒரு பக்கம் பச்சை. ஒன்றைச் சீவினேன், தோல் போன பிறகும் வெள்ளரிக்காயைச் சீவின மாதிரி உள்ளே பச்சை ஓடியிருந்தது. அந்த இடங்களை மட்டும் செதுக்கிவிட்டு, சரி போகட்டும் என்று வேக வைத்து மசாலா போட்டுப் பிரட்டினேன். ருசி பார்க்க ஒரு வாய் வைத்ததுமே அடிநாக்கில் ஒரு கசப்பு, கொஞ்ச நேரத்தில் தொண்டை சுருசுருவென்று எரிந்தது. சட்டியோடு கொட்டிவிட்டேன். மறுநாள் வியாபாரம் இல்லை.

அண்ணனிடம் போய்ச் சொன்னபோது, "தோலச் சீவிட்டு நல்லா வேக வெச்சா போயிடும் தங்கச்சி, எங்கம்மா காலத்துல இருந்தே அப்படித்தான்" என்றார். என் மாமியாரும் அதையேதான் சொன்னார். நம் வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம். அதனால் தேடிப் படித்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

பச்சை நிறம் விஷம் இல்லை, அது இலையில் இருக்கிற அதே பச்சையம். ஆனால் எந்த வெளிச்சம் பட்டுக் கிழங்கு பச்சையாகிறதோ, அதே வெளிச்சத்தில்தான் சோலனைன், சாகோனைன் என்று இரண்டு நச்சுப் பொருளும் அதில் கூடுகின்றன. பச்சை தெரிந்தால் அதுவும் கூடியிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். முளை விட்ட கிழங்கிலும் அடிபட்ட கிழங்கிலும் பச்சையே இல்லாமலும் அது ஏறும். தோலிலும், தோலுக்கு அடியிலும், முளைக்கண்ணிலும்தான் அதிகம். அதனால் தடிமனாகச் சீவினால் நிறையக் குறையும், அண்ணன் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. வேக வைத்தால் போய்விடும் என்பதைத்தான் நம்ப முடியாது. கொதிக்கிற தண்ணீரின் சூட்டுக்கெல்லாம் அது சிதையாது, தண்ணீரில் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் சொன்ன கணக்குப்படி, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் உள்ளே போனாலே வயிற்று வலி, வாந்தி, பேதி வரலாம். கிலோவுக்கு 200 மில்லிகிராம் நச்சு ஏறின கிழங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அதில் 100 கிராமே போதும். 100 கிராம் என்பது கையடக்கமான ஒரு சின்னக் கிழங்கு. பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாதது பிள்ளையைப் படுக்க வைத்துவிடும். 1969-இல் லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில், லீவுக்கு முன்னால் மிஞ்சின பழைய கிழங்கைச் சமைத்துப் போட்டு 78 பையன்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனது, 17 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். எல்லாரும் பிழைத்துவிட்டார்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். ஓரத்தில் கட்டைவிரல் அளவு பச்சை என்றால் அந்த இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கிறேன். பாதி பச்சை என்றால் முழுக் கிழங்கும் குப்பைக்கு. ஆட்டுக்கும் போடாதீர்கள், அதற்கும் ஆகாது. சமைத்த பிறகு கசந்தால் காசைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் இருட்டில் சாக்குப் போட்டு மூடி வைக்கிறேன். ஃபிரிஜ்ஜில் வைத்தால் மாவு சர்க்கரையாக மாறி, பொரிக்கும்போது கறுத்துவிடும்.

கடைக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், போன இரண்டும் கிழங்குக்காக. இதையெல்லாம் அண்ணனிடம் பொறுமையாகச் சொன்னேன். கோபப்படவில்லை, கேட்டுக்கொண்டார், கிழங்குக்கான காசையும் திருப்பிக் கொடுத்தார். போன வாரம் போனபோது கூடை மேல் ஒரு கோணிச் சாக்கு கிடந்தது, ஆனால் கூடை இன்னும் வாசலில்தான் இருக்கிறது, ஆட்கள் பொறுக்கிவிட்டுச் சாக்கைத் திரும்ப மூடுவதில்லை. உள்ளே அரிசி அடுக்குக்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது அண்ணே, அங்கே வைத்தால் போதும். அதுவரைக்கும் வாங்குகிறவர்கள் வியாழக்கிழமை சாயந்திரம் போங்கள், அன்றைக்குத்தான் லோரி வந்து புது மூட்டை இறங்கும், பிரிக்காத சாக்கிலிருந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்.