அஷ்டமி பார்த்துக் கடலுக்குப் போனோம்: கோராயில் ஒரு பகல்

தூத்துக்குடியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையைவிட்டு நகரக்கூடாது. அந்த 61 நாள் தடைக்காலம்தான் என் அத்தானுக்கு ஆண்டில் கிடைக்கும் ஒரே ஓய்வு. இந்த மே மாதம் தம் இரண்டு பிள்ளைகளையும் என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மும்பை மாட்டுங்காவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பதினான்கு வயது அக்காள் மகளும் ஒன்பது வயது அக்காள் மகனும் ரயிலைவிட்டு இறங்கும்போதே நீர்ச்சறுக்குப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். என் மகளுக்குப் பதினொன்று. அவளும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டாள். அம்மாவுக்கோ சறுக்கெல்லாம் வேண்டாம், மேற்குக் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்த்தால் போதும். இரண்டையும் ஒரே பகலில் முடிக்க மும்பையின் வடமேற்கு ஓரத்தில் உள்ள கோராயைத் தேர்ந்தெடுத்தேன். கழிமுகத்தைப் படகில் தாண்டினால் வாட்டர் கிங்டம் நீர்ப்பூங்கா, அங்கிருந்து ஆட்டோவில் சிறிது தூரம் போனால் கடற்கரை.

சனிக்கிழமைக்கு எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருந்தேன். அதைக் கலைத்தவர் அத்தான்தான். கலைத்தது எவ்வளவு நல்லது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வந்த இரண்டாம் நாள், பௌர்ணமியன்று நண்பகலில், அவரை ஹாஜி அலிக்கு அழைத்துப் போனேன். கடலுக்குள் இருக்கும் அந்தத் தர்காவுக்குப் போகும் பாதை முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருந்தது. அவர் அசையாமல் நின்றுவிட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சராசரியாக மூன்றரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும் வழியில் மறுபடியும் அங்கே போக வேண்டும் என்றார். பாதை வெளியே வந்திருந்தது, மக்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். அன்றிரவு எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கணக்கு எளிமையானது, மும்பையில் இருக்கும் எல்லோருக்கும் உதவும். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் இங்கே ஏற்றம் நண்பகலை ஒட்டி வரும், மாலை ஆறு மணியளவில் வற்றிவிடும். ஒவ்வொரு நாளும் அது சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நான் பதிவு செய்திருந்த சனிக்கிழமை பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாள். அன்று மாலை நான்கு மணிக்கு ஏற்றம் முடியும். பூங்காவிலிருந்து நாங்கள் கடற்கரைக்குப் போய்ச் சேர்வது நாலரை மணி. அதாவது பிள்ளைகள் தண்ணீரில் கால் வைக்கும் நேரத்தில் கடல் பின்வாங்கத் தொடங்கியிருக்கும். “ஓடுகிற நீவாட்டில் பிள்ளைகளை இறக்க மாட்டேன்” என்று அத்தான் ஒரே வரியில் முடித்துவிட்டார். கடல் நீரோட்டத்தைத்தான் கடலோடிகள் நீவாடு என்பார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை தேய்பிறை அஷ்டமி. அன்று ஏற்றம் ஆறு மணிக்கு மேல்தான் முடியும், மாலை முழுவதும் தண்ணீர் கரையை நோக்கியே வரும். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமும் ஒன்றரை மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும், இழுப்பும் தணிந்திருக்கும்.

கீழ்வீட்டு மாமி கேட்டுவிட்டுப் பதறிப்போனார். அஷ்டமியில் யாராவது பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவார்களா என்றார். அம்மா பொறுமையாகச் சொன்னார்: “நிலத்துக்குத்தான் அது ஆகாத நாள், மாமி. தண்ணீருக்கு அது அடங்கியிருக்கிற நாள்.”

முன்பதிவு செய்த முகவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படகு, பூங்கா நுழைவு, கடற்கரையில் சாகச விளையாட்டு, வீட்டிலிருந்து வண்டி என எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் சேர்த்து விற்றார்கள். நாளை மாற்றச் சொன்னதும் கால் பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி வரவே இல்லை. காலை ஆறரை முதல் ஏழேகால் வரை தெருமுனையில் நின்றோம், தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. எல்லாம் சேர்ந்த இந்தத் தொகுப்புச் சீட்டுகளை வாங்காதீர்கள். நுழைவுச் சீட்டைப் பூங்காவிடமே வாங்குங்கள், மற்றவற்றை அங்கங்கே பார்த்துக்கொள்ளலாம். எப்படியும் வண்டியைவிட ரயில் நல்லது. மாட்டுங்கா ரோடு நிலையத்தில் மெதுவான ரயிலில் ஏறி போரிவலியில் இறங்கினோம், அங்கிருந்து ஆட்டோவில் கோராய்க் கழிமுகத் துறைக்குப் போனோம். மலாட் பக்கம் இருப்பவர்களுக்கு மார்வே துறை வசதி. பாயந்தர், உத்தன் வழியாகச் சாலையும் உண்டு, ஆனால் சுற்று அதிகம். படகில் போவதே பாதி மகிழ்ச்சி என்னும்போது சாலை எதற்கு?

துறையில் படகுக்குக் காத்திருந்தபோது அக்காள் மகன் படிகளை எண்ணினான். தண்ணீருக்கு மேலே ஒன்பது படி தெரிந்தது. அத்தான் அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். இருபுறமும் அலையாத்திக் காடு, அதன் வேர்களில் சேறு பளபளத்தது. கொஞ்சத் தூரம் போனதும் மரங்களுக்கு மேலே உலக விபாசனா பகோடா என்னும் பௌத்தத் தியானக் கோயிலின் தங்கக் கூம்பு எழுந்தது. ரங்கூனின் ஷ்வேடகோன் பகோடாவை மாதிரியாகக் கொண்டு கட்டி, 2009-இல் திறந்தார்கள். உள்ளே ஒரு தூண்கூட இல்லாமல் எட்டாயிரம் பேர் உட்காரும் மண்டபம் இருக்கிறது. அம்மாவின் அப்பா இளவயதில் ரங்கூனில் கடையில் வேலை பார்த்தவர், 1942-இல் போரின்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பியவர். அவர் சொல்லிச் சொல்லிக் கேட்ட கோயில் அது. அம்மா படகில் எழுந்து நின்று, கரை சேரும்வரை உட்காரவில்லை. எங்களுக்கு உள்ளே போக நேரம் இருக்கவில்லை. அதற்கென்று ஒரு நாள் தனியாக அம்மாவைக் கூட்டிப் போவேன்.

வாட்டர் கிங்டம் 1998-இல் தொடங்கியது. பக்கத்தில் இருந்த எஸ்ஸெல் வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா அதற்கும் மூத்தது, 1989-இல் தொடங்கியது. மும்பையில் என் வயதுடையவர்கள் பலருக்குப் பள்ளிச் சுற்றுலா என்றாலே இந்தத் தீவுக்கரைதான். வார நாள் என்பதால் கூட்டம் அளவாக இருந்தது. பருத்தி உடையோடு தண்ணீரில் இறங்க முடியாது, நைலான் உடை வேண்டும். நாங்கள் தாராவியில் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம். சேலையோடு வந்த அம்மா நிழலில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொண்டார். பெரியவர்களை அழைத்துப் போனால் அவர்கள் நாள் முழுவதும் எங்கே உட்காருவார்கள் என்பதை முதலில் பார்த்து முடிவு செய்துவிடுங்கள். தண்ணீரில் இறங்கும் முன் பிள்ளைகள் தலையில் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்த்துவிட்டார் அம்மா. குளோரின் தண்ணீருக்குப் பிறகு கடலிலும் குளித்த மூன்று தலைகளில் ஒன்றுகூட மறுநாள் சிக்காகவில்லை.

சறுக்குகளைப் பற்றிப் பெண்பிள்ளைகள்தான் எழுத வேண்டும். மிதவையில் இருவராக உட்கார்ந்து இறங்கும் சறுக்கில் ஆறு தடவை போனார்கள். எனக்குப் பிடித்தது காவலர்களின் கண்டிப்பு. அக்காள் மகனை அளவுகோலில் நிற்க வைத்துப் பார்த்து, உயரம் போதாது என்று உயரமான ஒரு சறுக்கில் விட மறுத்துவிட்டார் ஓர் இளைஞர். பையன் கண்கலங்கினான், நான் கெஞ்சிப் பார்த்தேன், அவர் அசையவில்லை. அப்போது கொஞ்சம் வருத்தம்தான். மாலையில் கடற்கரையில் நடந்ததைப் பார்த்த பிறகு அந்த இளைஞரைத் தேடிப் போய் நன்றி சொல்லத் தோன்றியது.

அத்தான் அலைக்குளத்தைவிட்டு வெளியே வரவே இல்லை. இத்தகைய குளங்களில் ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கும். காற்றை அழுத்தி அனுப்பி அந்த அறைகளில் உள்ள தண்ணீரைக் கீழே தள்ளினால் அது குளத்தில் அலையாக எழும். காற்றை அனுப்பும் இடைவெளியைக் கூட்டிக் குறைத்து அலைகளை மாற்றலாம். இருபத்தைந்து ஆண்டு கடலில் கழித்த அவர் ஒவ்வொரு அலையையும் மார்பில் வாங்கி ஆராய்ந்துவிட்டுச் சொன்னார்: “அலை சரியாகத்தான் வருகிறது. ஆனால் திரும்பிப் போகும்போது காலைப் பிடித்து இழுக்கவில்லை. தரையும் அசையவில்லை.” பிறகு சிறிது நேரம் யோசித்துவிட்டு, “பிள்ளைகளுக்கு இது தப்பான தைரியத்தைக் கொடுத்துவிடும்” என்றார்.

அதுதான் நடந்தது. மூன்றரை மணிக்குப் பூங்காவிலிருந்து கிளம்பி, நாலரைக்குக் கோராய்க் கடற்கரையில் நின்றோம். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று முகத்தில் அடித்தது. மே மாதத்துப் பிற்பகல்களில் இங்கே காற்று வலுத்துவிடும், அலையும் அதற்கேற்ப எழும். மணல் சாம்பல் நிறம், அகலமானது, குப்பையும் இல்லாமல் இல்லை. அக்காள் மகன் பகல் முழுவதும் அலைக்குளத்தில் ஓடிய அதே ஓட்டத்தில் நேராகத் தண்ணீருக்குள் ஓடினான். முழங்கால் ஆழம்தான். முதல் அலையைத் தாண்டிக் குதித்தான். அது திரும்பிப் போகும் வேகத்தில் அவன் கால்கள் வழுக்க, இரண்டாம் அலை தலைக்கு மேல் விழுந்தது. என்ன நடந்தது என்று நான் உணரும் முன்பே அத்தான் அவன் கையைப் பிடித்துத் தூக்கியிருந்தார். இரண்டு விநாடிகூட இருக்காது. அடங்கிய நாள், ஏறுகிற தண்ணீர், பக்கத்திலேயே கடலோடி ஒருவர், இவ்வளவும் இருந்தும் இப்படி. நான் பதிவு செய்திருந்த சனிக்கிழமையை நினைத்துப் பார்த்தேன், வயிற்றைப் பிசைந்தது.

அத்தான் திட்டவில்லை. மூன்று பிள்ளைகளையும் கைகோத்து, கணுக்கால் நீரில், கண்ணை மூடி நிற்கச் சொன்னார். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் அரிந்து போவதை உணரச் சொன்னார். எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்டார். என் மகள் இடப்பக்கம் என்றாள். மூவரும் தனித்தனியாகச் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை. அதன் பிறகுதான் இடுப்பளவு தண்ணீருக்கு, அவர் கைக்கெட்டும் தூரத்தில், இறங்க விட்டார். அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்த நாளின் மிகச் சிறந்த பகுதி. மும்பையின் மேற்குக் கரையில் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. அக்சா கடற்கரையின் பெயரைக் கேட்டாலே இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நீச்சல் தெரியும் என்பதை நம்பி யாரும் இடுப்புக்கு மேல் போக வேண்டாம். மழைக்காலத்தில் இந்தத் திட்டத்தையே எடுக்க வேண்டாம், பூங்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாகச விளையாட்டுக்கான சீட்டு எங்களிடம் இருந்தது. கரையில் ஒருவர் மோட்டார் படகில் மிதவையைக் கட்டி இழுத்துப் போய்க்கொண்டிருந்தார். அத்தான் லைஃப் ஜாக்கெட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். இரண்டில் கொக்கி உடைந்து கயிற்றால் முடிந்திருந்தது, பையன் அளவுக்கு ஒன்றுகூட இல்லை. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். முகவரிடம் அதற்கான பணத்தைக் கேட்டு நான்கு முறை எழுதினேன், பதினோரு நாள் கழித்துப் பாதி வந்தது. ஜாக்கெட்டின் கொக்கிகளை நீங்களே போட்டுப் பாருங்கள், தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் பிள்ளையின் காதுக்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் பணம் போனாலும் பரவாயில்லை, ஏற்றாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வீட்டு இட்லியை மிளகாய்ப்பொடியோடு ரயிலிலேயே முடித்துவிட்டோம், பூங்காவுக்குள் பாவ் பாஜி, கடற்கரையில் அவித்த வேர்க்கடலை. ஆறு பேருக்கு எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்தைத் தொட்டது. முகவரைத் தவிர்த்திருந்தால் குறைந்திருக்கும்.

அம்மா ஈர மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, சூரியன் தண்ணீரைத் தொடும் நேரத்துக்காகக் காத்திருந்தார். கிழக்குக் கரையில் பிறந்து, அறுபத்தெட்டு வயதுவரை கடலிலிருந்து எழும் சூரியனை மட்டுமே பார்த்தவர். முழுவதும் மறையும்வரை இருந்தால் இருட்டில் படகேற வேண்டும் என்று நான் அவசரப்படுத்தினேன். ஆறே முக்காலுக்கு எழுந்தார், ஆனால் துறைக்குப் போகும் ஆட்டோவில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தக் கால் மணி நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் போனால் மாலைக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், பூங்காவிலிருந்து மூன்று மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

திரும்பும் படகு போரிவலிப் பக்கத்துத் துறையை நெருங்கியபோது கழிமுகம் நிரம்பியிருந்தது, காலையில் பார்த்த சேறு எங்கும் இல்லை. அக்காள் மகன் படகு கட்டும் முன்பே எழுந்து நின்று எண்ணினான்.

“அப்பா, ஐந்துதான் இருக்கிறது. நான்கு படி தண்ணீருக்குள் போய்விட்டது.”

அத்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஐந்து படிகளையும் ஏறினார்.