விதி, நாட்டம், சித்தம்: பழி யார் தலையில்?

நம் சிங்கப்பூரில் ஒரு தமிழர் வீட்டில் துக்கம் என்றால் புளோக்கின் கீழ்த்தளத்தில் போட்ட நாற்காலிகளில் மூன்று மதத்துக்காரர்களும் வந்து உட்காருவார்கள். ஒருவர் "எல்லாம் விதி" என்பார். பக்கத்தில் இருப்பவர் "அல்லாஹ்வின் நாட்டம்" என்பார், இன்னொருவர் "கர்த்தருடைய சித்தம்" என்பார், மூவரும் ஒன்றையே சொன்னதுபோல் தலையாட்டிக்கொள்வோம். ஆனால் கொஞ்சம் தோண்டினால் மூன்றும் வேறு வேறு கணக்கு, யார் தலையில் பழியைக் கட்டுவது என்பதில் ஒன்றோடொன்று ஒத்தே போகாது.

முதலில் ஒரு விஷயத்தை ஓரமாக வைத்துவிடலாம். "நாளை நான் செய்யப்போவது கடவுளுக்கு இன்றே தெரியும் என்றால் எனக்கு ஏது சுதந்திரம்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பாவியா நகரில் சிறையில் இருந்தபடியே ரோமானியத் தத்துவ அறிஞர் போயித்தியஸ் இதற்கு ஒரு பதில் எழுதிவிட்டார்: கடவுளுக்கு நேற்று, நாளை என்பதே கிடையாது, எல்லாக் காலமும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கிறது, ஒருவர் நடப்பதை நான் பார்ப்பதால் அவர் நடந்தே ஆகவேண்டும் என்று ஆகிவிடுமா? எனக்கு இந்தப் பதில் போதும். அறிவது மட்டும் யாரையும் கட்டிப்போடாது. சிக்கல், தெரிந்துகொண்டே படைத்தவர் என்று சொல்லும்போதுதான் வருகிறது. இவன் இப்படித்தான் ஆவான் என்று தெரிந்தே ஒருவனைப் படைத்துவிட்டு, பிறகு அவனையே தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கேள்வியில் சைவ சித்தாந்தம் தப்பிக்கிறது, அதுவும் கெட்டிக்காரத்தனமாக. உயிர்களைச் சிவன் படைக்கவே இல்லை. இறைவன், உயிர், பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி. வினை சடப்பொருள், தானாகப் போய்ச் செய்தவனைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளாது, அதனால் அதைச் சேர்த்துவைக்கும் வேலையை இறைவன் செய்கிறார், அவ்வளவுதான். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று பழைய இருப்பு, இப்போது அனுபவிப்பது, புதிதாகச் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. ஆக, கடவுள்மேல் பழி இல்லை. சரி, அப்படியானால் அது எங்கே போகிறது? கஷ்டப்படுகிறவன் தலைமேலேயே. சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு ஓடியாடும் தாயிடம் "போன பிறவியில் என்ன செய்தாயோ" என்று கோவில் வாசலிலேயே சொல்கிற மனிதர்கள் நம் ஊரிலும் உண்டு. அதைச் சொல்ல அவர்களுக்கு வாய் எப்படி வருகிறது என்று தெரியவில்லை, ஆனால் கொள்கையை அவர்கள் திரித்துச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

சைவத்திலேயே இதற்கு மாற்று மருந்தும் இருக்கிறது. சம்பந்தர் திருச்செங்கோட்டில் இருந்தபோது அடியார்களைக் குளிர்சுரம் பிடித்துக்கொள்கிறது. அந்த ஊருக்கு அது வழக்கம், அவரவர் வினை என்று விட்டுவிடலாம். அவர் விடவில்லை. "அவ்வினைக்கு இவ்வினை என்று சொல்லத் தெரிகிறதே, பிழைக்கும் வழியைத் தேடாமல் சும்மா இருப்பது உங்களுக்குக் குறையில்லையா" என்ற பொருளில் பாட ஆரம்பித்தார். வினை உண்மைதான், அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்காதே என்பது அவர் கட்சி. (ஜாதகம் மாறவே மாறாது என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் பரிகாரத்துக்குக் காசு கேட்கும் ஜோசியர்கள் இந்தப் பதிகத்தைச் சாட்சிக்குக் கூப்பிடலாம், ஆனால் சம்பந்தர் கட்டணம் கேட்டதாகத் தகவல் இல்லை.)

இதோடு அப்படியே பொருந்தும் கதை இஸ்லாத்தில் இருக்கிறது. கலீஃபா உமர் சிரியா பக்கம் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டுத் திரும்ப முடிவெடுக்கிறார். "அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?" என்று அவருடைய தளபதி அபூ உபைதா கேட்க, "ஆமாம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கு ஓடுகிறோம்" என்றார் உமர். 2020 மார்ச்சில் கோவிட் காரணமாக இங்கே பள்ளிவாசல்களை மூடி, ஜும்ஆவையே நிறுத்திவைத்தார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் கிடையாது. விதியை நம்புவது ஈமானின் ஆறு அடிப்படைகளில் ஒன்று, ஆனால் அந்த நம்பிக்கை மனிதனைச் சும்மா உட்காரச் சொல்லவில்லை.

தத்துவம் என்று இறங்கினால்தான் அங்கேயும் அடிதடி. மனிதனுக்குச் சுயமாக எதுவும் இல்லை, காற்றில் பறக்கும் இறகு மாதிரி என்றார்கள் ஜபரிய்யாக்கள் என்ற பிரிவினர். முஃதஸிலாக்கள் என்ற இன்னொரு பிரிவினரோ, கடவுள் நீதிமான், ஆகவே மனிதனின் செயலை மனிதனேதான் உண்டாக்குகிறான் என்றார்கள். நடுவில் வந்த இறையியலாளர் அஷ்அரி, செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதைச் சம்பாதித்துக்கொள்பவன் மனிதன் என்று ஒரு வழி கண்டார். அஷ்அரியின் சம்பாத்தியத்தைவிட நுணுக்கமானது என்று அரபியில் கேலியாகச் சொல்லும் அளவுக்கு அது பிடிபடாத விஷயம். எனக்கும் பிடிபடவில்லை. ஆனால் கஷ்டப்படுகிறவனைப் பார்த்து "நீ முன்பு செய்த பாவம்" என்று சொல்லவேண்டிய கட்டாயம் இதில் இல்லை, சோதனை என்று சொல்லலாம், அது பெரிய ஆறுதல்.

கிறிஸ்துவத்தில் சீர்திருத்தவாதி கால்வின் ஒளிவுமறைவு இல்லாதவர்: யாருக்கு மீட்பு, யாருக்குத் தண்டனை என்பதைக் கடவுள் ஆதியிலேயே தீர்மானித்துவிட்டார். எனக்கு இது ஜீரணமாகவில்லை, மழுப்பவில்லை என்ற மரியாதை மட்டும் உண்டு. டச்சு இறையியலாளர் அர்மினியஸ் வழிவந்தவர்கள் இதை எதிர்க்க, 1618-19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் சங்கம் கூடி அவர்களைத் தள்ளிவைத்தது. ஆனால் பிற்பாடு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி அர்மினியஸ் பக்கம் நின்றதால், 1885இல் சிங்கப்பூருக்கு வந்த மெதடிஸ்ட் சபையும், ஷார்ட் ஸ்திரீட்டில் இருக்கும் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயமும் அந்தத் தள்ளிவைக்கப்பட்ட கட்சியின் வாரிசுகள்தான். கிருபை எல்லோருக்கும் நீட்டப்படுகிறது, வேண்டாம் என்று மறுக்க மனிதனால் முடியும். கத்தோலிக்கரிடையே யேசு சபையாரும் தொமினிக்கன் சபையாரும் இதே விஷயத்தில் வருடக்கணக்கில் மோத, 1607இல் போப் ஐந்தாம் பவுல் "ஒருவரையொருவர் பழிக்காதீர்கள், தீர்ப்பைத் தக்க நேரத்தில் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தார். தீர்ப்பு வரவே இல்லை.

கடைசியாக, கடை மூடிப் பல நூற்றாண்டான ஆசீவகம் என்ற பழைய இந்திய மதம். எல்லாம் நியதி, முயற்சிக்கு மதிப்பே இல்லை, எறிந்த நூலுருண்டை பிரிந்து முடிவதுபோல் முட்டாளும் அறிவாளியும் ஒரே தூரம் ஓடித்தான் முடிப்பார்கள் என்று அதன் தலைவர் மற்கலி கோசாலர் சொன்னதாகப் பௌத்த நூல்கள் பதிந்திருக்கின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆசீவகர்மேல் வரி போட்ட செய்தி வருகிறது, ஆகவே நம் மண்ணில் வெகுகாலம் இருந்திருக்கிறார்கள். இந்தப் பட்டியலிலேயே நடைமுறைக்கு உதவாதது இதுதான். பிள்ளையிடம் இதைச் சொல்லி ஒரு நாள் பள்ளிக்கு அனுப்பிப் பாருங்கள். ஆனால் பழியே இல்லாத ஒரே கொள்கையும் இதுதான்.

அதனால்தான் நான் கடன் வாங்கிக் கலந்துகொள்கிறேன். என் வாழ்க்கை என்று வரும்போது சம்பந்தர், உமர், வெஸ்லி பக்கம்: வழி தேடு, திரும்பு, ஏற்றுக்கொள் அல்லது மறு, ஏதாவது செய். அடுத்தவர் வாழ்க்கை என்று வரும்போது கிட்டத்தட்ட ஆசீவகன். கணியன் பூங்குன்றனாரின் முதல் அடியை நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம். அதே பாட்டில் கீழே, ஆற்றுநீர் இழுத்த வழியில் போகும் தெப்பம்போல் உயிர் முறைவழிப் போகும், ஆகவே பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிட இல்லை என்று இருப்பதை யாரும் மைக்கில் சொல்வதில்லை. தகுதியையே பெரிதாகப் பேசும் நம் நாட்டில், தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிவு வந்த வாரத்தில், நன்றாகச் செய்த பிள்ளையின் பெற்றோர் முகத்தில் ஏறும் பெருமிதத்தையும் மற்ற பெற்றோர் கூனிக்குறுகுவதையும் பார்க்கும்போது, அந்த வரிகளைத்தான் பள்ளி வாசலில் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றும்.

மெதடிஸ்ட் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "உனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா? அவர்களால் வேறு மாதிரி செய்திருக்க முடியாது என்றால் உன்னாலும் முடியாதே" என்றார். நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் தர்க்கரீதியான பதில் கிடையாது. ஆனால் 380ஆம் குறளில் ஊழைவிட வலியது எது என்று கேட்ட வள்ளுவர்தான் 620இல், தளராமல் முயல்கிறவர்கள் அந்த ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார்கள் என்கிறார். இரண்டுக்கும் நடுவே பாலம் எதுவும் அவர் கட்டித் தரவில்லை.