எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி? மன்னார்குடி ஜெராக்ஸ் கடை அனுபவம்

“எந்த போன் வாங்கலாம்ண்ணே?” என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். நான் வேறு ஒன்றைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். மன்னார்குடி பந்தலடிப் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தரும் கடை வைத்திருக்கிறேன். பிரௌசிங் சென்டராகத் தொடங்கியது. ஆளாளுக்குக் கையில் நெட் வந்த பிறகு ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. மைக்ரோசாஃப்ட், கூகுள், ஆப்பிள், சாம்சங், சீன போன்கள், சிம் கம்பெனிகள் என்று எல்லாவற்றோடும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியாயிற்று. அதனால் இது ஒரு போனைப் பற்றிய ரிவியூ இல்லை. இந்தக் கம்பெனிகளின் சண்டைக்கு நடுவில் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிறவனின் கணக்கு.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஜி.பி. ரேம் என்பதெல்லாம் சீக்கிரமே பழசாகிவிடும். ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது என்ன ஆகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். உள்ளே வரும்போது எல்லோரும் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்கிறார்கள். கிளம்புகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

எங்கள் பக்கம் கம்பெனிகளைப் பற்றிய அபிப்பிராயம் விளம்பரத்தைப் பார்த்து மட்டும் வருவதில்லை. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். சபூர் (வெளிநாட்டுப் பிழைப்புக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு) போய் வந்தவர் ஐபோன் கொண்டுவந்தால் அந்தத் தெருவுக்கே அது ஒரு சான்றிதழ். சாம்சங் என்றால் ‘நிதானமான ஆள் வாங்குவது’. ஒரு காலத்தில் ‘சைனா செட்டு’ என்றால் கிண்டல். 2014-ல் ஷாவ்மி இந்தியாவுக்கு வந்த பிறகு அதே சைனா செட்டைத்தான் கல்லூரிப் பிள்ளைகள் ஃபிளாஷ் சேலில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்து வாங்கினார்கள். 2020-ல் கல்வான் மோதலுக்குப் பிறகு சீனப் பொருளே வேண்டாம் என்று ஸ்டேட்டஸ் வைத்தவர்கள் உண்டு. வைத்த போன் எது என்று நான் கேட்கவில்லை.

ஐபோனா ஆண்ட்ராய்டா என்று கடை வாசலில் பையன்கள் சண்டை போடும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். கட்சிக்காகத் தொண்டர்கள் டீக்கடையில் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். தலைவர்கள் கல்யாண வீட்டில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கேயும் அதே கதைதான். 1997-ல் ஆப்பிள் தள்ளாடிக்கொண்டிருந்தபோது 15 கோடி டாலர் போட்டது ஜென்மப் பகையாளி என்று எல்லோரும் நினைத்திருந்த மைக்ரோசாஃப்ட். பாஸ்டன் கூட்டத்தில் ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பின்னால் திரையில் பில் கேட்ஸ் முகம் தெரிந்ததும் ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். ஜாப்ஸ் கூச்சல் போடவில்லை, அவருக்குப் பணம் தேவைப்பட்டது. அப்புறம் 2011-ல் டிசைனைக் காப்பியடித்துவிட்டதாகச் சாம்சங் மேல் ஆப்பிள் வழக்குப் போட்டது. 2012-ல் ஜூரி 105 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. இழுத்து இழுத்து 2018-ல்தான் சமரசம் ஆனது. அந்த வழக்கு முடியாமல் இருக்கும்போதே, 2017-ல் வந்த ஐபோன் எக்ஸுக்குத் திரை செய்து கொடுத்தது சாம்சங்! கூகுள் கதை இன்னும் பெரிது. ஐபோனின் சஃபாரி பிரௌசரில் தேடினால் கூகுளே வரவேண்டும் என்பதற்காக 2022-ல் மட்டும் 2,000 கோடி டாலர் ஆப்பிளுக்குப் போயிருக்கிறது. அமெரிக்க அரசு போட்ட வழக்கில் வெளியே வந்த தகவல் இது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டத்தை மீறித்தான் தன் ஏகபோகத்தைக் காப்பாற்றிவந்தது என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆக, அவர்கள் சண்டையும் நிஜம், கூட்டும் நிஜம். எந்தக் கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனி மேல் கோபம் கிடையாது, கணக்குதான் உண்டு. கோபமெல்லாம் நம்மிடம்தான் இருக்கிறது.

நோக்கியாவை நம்பாதவர் அன்று யார்? டார்ச் வைத்த 1100 மாடலை வயலில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் இடுப்பில் செருகிக்கொண்டு போவார். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் அவர்கள் தொழிற்சாலை வந்தபோது டெல்டாப் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தார்கள். 2014-ல் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் வியாபாரத்தை வாங்கியது. வரிப் பிரச்சினையால் அந்தத் தொழிற்சாலை மட்டும் பேரத்தில் சேரவில்லை. அந்த வருஷக் கடைசியில் மூடினார்கள். நம்பிக்கைக்குரிய பெயர் என்று ஊரே சொன்ன கம்பெனிக்கு அந்தக் கதி. பிறகு அந்த இடத்தை வாங்கியது சால்காம்ப் என்ற கம்பெனி. ஆப்பிளுக்குச் சார்ஜர் செய்து கொடுக்கிறவர்கள். இன்று சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் அசெம்பிள் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வேலை பார்க்கிறாள். லீவுக்கு வந்தபோது சான்றிதழ் ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். கையில் ஆண்ட்ராய்டு. “அது நம்ம பட்ஜெட்டுக்கு ஆகுமாண்ணே?” என்றாள்.

சிம் கம்பெனிக் கதைக்கு வருகிறேன். என் அளவுகோல் உருவானதே அங்கேதான். தமிழ்நாட்டில் ஏர்செல் ஒரு வீட்டுப் பெயர் மாதிரி இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக இறங்கியது. அதற்கு முன் ஒரு ஜி.பி.க்கு 250 ரூபாய் வரை கொடுத்துக்கொண்டிருந்த ஜனம் ஒரே இரவில் மாறியது, என் பிரௌசிங் கேபின்களும் காலியாகின. விலைச் சண்டையில் சின்னக் கம்பெனிகள் தாக்குப்பிடிக்கவில்லை. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் மாநிலம் முழுக்கப் படுத்தது, அந்த மாதக் கடைசியில் திவால் மனுப் போட்டார்கள். அந்த வாரம் கடையில் நின்ற கூட்டம் சொல்லி முடியாது. கேஸ் புக்கிங், பேங்க், ஆதார் எல்லாம் அந்த நம்பரில்தான். நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம் என்ற வசதி நாடு முழுக்க 2011 ஜனவரியிலேயே வந்துவிட்டது. ‘போர்ட்’ என்று டைப் செய்து நம்பரோடு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் கோட் வரும். சிக்னலே இல்லாத போனிலிருந்து எஸ்.எம்.எஸ். எப்படிப் போகும்? மொட்டை மாடியிலும் பாலத்து மேலும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆனாலும் பெரும்பாலோர் நம்பர் தப்பித்தது. அந்த விதி மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தக் கம்பெனியும் தானாக முன்வந்து கொடுத்த வசதி இல்லை அது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதி.

அதே 2018-ல் நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தென்னையும் மின்கம்பமும் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. டவர் எல்லாக் கம்பெனிக்கும் விழுந்தது, அதில் பாரபட்சம் இல்லை. கரண்ட் வர நாள்கணக்கில், உள்கிராமங்களில் வாரக்கணக்கில் ஆனது. நான் வாடகை ஜெனரேட்டர் வைத்து போன் சார்ஜ் போட்டுக்கொடுத்தேன். சாதாரண நாளில் யார் கையில் எந்தக் கம்பெனி போன் என்பதுதான் பேச்சு. அன்றைக்கு ஒரே கேள்வி, “பின்னு இருக்கா?” நோக்கியா ஒல்லிப் பின் ஒன்று, மைக்ரோ யூ.எஸ்.பி. ஒன்று, அப்போதுதான் தலைகாட்டிய டைப்-சி ஒன்று, ஐபோனுக்கென்று லைட்னிங் ஒன்று. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓட்டை இருக்கும், பொருத்தமான ஒயர் இருக்காது. ஒல்லிப் பின் வைத்திருந்த ஒரு பாட்டியிடம் தெருவே கடன் வாங்கிப்போனது. லைட்னிங் ஒயர் முழுத் தெருவுக்கும் ஒன்றுதான் தேறியது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தவர் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, ஐந்து ஐந்து சதவீதமாக முறைவைத்துக் கொடுத்தார். நான்கு நாள் ஆகியும் வீட்டுக்குத் தகவல் சொல்ல முடியாமல் தவித்தவர்களுக்கு அந்தப் பின் விஷயம் சின்ன விஷயமில்லை.

அந்தப் பிரச்சினை இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தீர்த்தது கம்பெனிகளின் நல்ல மனசு இல்லை. எல்லா போனுக்கும் டைப்-சிதான் என்று ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டது, 2023-ல் ஐபோன் 15-லிருந்து ஆப்பிளும் மாறியது. ஐரோப்பாவில் போட்ட சட்டத்தின் பலன் இப்போது மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரே ஒயராகத் தொங்குகிறது.

பணம் அனுப்புவதிலும் அப்படித்தான். கடையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். ஒரு கம்பெனியுடையது, வாடிக்கையாளர் ஸ்கேன் செய்வது இன்னொன்றால், பணம் வந்து சேர்வது மூன்றாவதாக ஒரு பேங்கில். யாரும் யோசிப்பதில்லை. 2016-ல் யூ.பி.ஐ.யை உருவாக்கிய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அப்படி அமைத்ததால்தான் இது நடக்கிறது. இல்லையென்றால் போன்பே கடைக்குத் தனி வரிசை, ஜிபே கடைக்குத் தனி வரிசை என்று ஆகியிருக்கும். யூ.பி.ஐ. பரிவர்த்தனையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்த இரண்டு கம்பெனிகளிடமே இருப்பது எனக்கு உறுத்தல்தான். ஆனால் நாளைக்கே நான் ஒன்றை அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டாலும் என் அக்கவுண்டுக்கோ வாடிக்கையாளருக்கோ ஒன்றும் ஆகாது. என் அளவுகோலில் யூ.பி.ஐ.க்குத்தான் முதல் மார்க்.

விதி இல்லாத இடத்துக்கு வருவோம். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கும் நவம்பரில் கடைக்கு வந்து பாருங்கள். அடங்கல், சிட்டா, பாஸ்புக் முதல் பக்கம், ஆதார் எல்லாம் போனுக்குள் போட்டோவாக இருக்கும். மகன் சபூரிலிருந்து கொடுத்த ஐபோன் என்றால் போட்டோ எச்.இ.ஐ.சி. என்ற வகையில் பதிவாகியிருக்கும். 2017-லிருந்து ஆப்பிள் இதைத்தான் வழக்கமாக வைத்திருக்கிறது. நல்ல வகைதான், இடம் குறைவாகப் பிடிக்கும். ஆனால் விண்ணப்பத் தளங்கள் கேட்பது ஜே.பி.ஜி. செட்டிங்ஸில் கேமராவுக்குப் போய் ஃபார்மேட்ஸ் என்பதில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றிவைத்தால் தீர்ந்தது. வருகிற எல்லா ஐபோனிலும் நானே மாற்றிக் கொடுத்துவிடுகிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.

சரி, அந்த போனிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு எப்படி வருகிறது? வாட்ஸ்அப்பில். ஐபோன், ஆண்ட்ராய்டு, விண்டோஸ் மூன்றுக்கும் நடுவில் பாலம் போட்டது அந்த மூன்று கம்பெனிகளும் இல்லை, 2014-ல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்கிய ஒரு செயலி. (போட்டோவாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக வந்தால் சுருங்கிவிடும், சர்வே நம்பர் படிக்க வராது.) இந்தப் பாலம்தான் இப்போது பெரிய பூட்டு. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றுகிறேன் என்றதும் சிக்னல், டெலிகிராம் என்ற வேறு செயலிகளுக்கு ஓடினார்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் ஜோஹோவின் அரட்டை செயலி சூடு பிடித்தது. ஜோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவின் பூர்வீகம் தஞ்சாவூர் மாவட்டம் என்பதால் எங்கள் பக்கம் கொஞ்சம் கூடுதல் பெருமை. வயசானவர்கள்கூட வந்து “நம்ம ஊர்க்காரர் ஆப்பு, போட்டுக் குடு தம்பி” என்றார்கள். நானும் போட்டேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் பத்திர எழுத்தர், தாலுகா ஆபீஸ் குரூப், உர டீலர் என்று எல்லோரும் இன்னும் வாட்ஸ்அப்பில்தான். ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போகாத வரைக்கும் பெருமையை வைத்து என்ன செய்வது? ஐரோப்பாவில் வாட்ஸ்அப் வேறு செயலிகளோடும் பேச வழிவிட வேண்டும் என்று சட்டமாகிவிட்டது. இங்கே அப்படி ஒன்று வந்தால் அரட்டைக்குத்தான் முதல் லாபம்.

பூட்டு என்றால் வெளிநாட்டுக் கம்பெனிதான் போடும் என்று நினைக்க வேண்டாம். பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த பத்திர நகல்கள் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகத்தான் தெரியும். எந்த மெஷினிலும் தமிழ் தமிழாகவே தெரியவைக்கும் யூனிகோடை 2010-லேயே தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தும், பழைய விசைப்பலகைப் பழக்கம் விடவில்லை. எனக்கு இன்றும் அதிக நேரம் தின்கிற வேலை அதை மாற்றுவதுதான்.

கூகுளா மைக்ரோசாஃப்டா என்றால், இரண்டிலும் நல்லது பொல்லாது உண்டு. கூகுளில் நம் தகவல் மொத்தத்தையும் இறக்கிக்கொள்ள டேக்அவுட் என்ற வசதி இருக்கிறது. ஊரில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு முழுக்குப் போட்டது, 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் போட்டது. என் கடையின் பழைய மெஷின்களில் விண்டோஸ் 11 ஏறாது. மெஷின் நன்றாக ஓடுகிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை. டைப்பிங்குக்கும் பிரௌசருக்கும் மட்டும் இருந்தவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுவிட்டேன், லிப்ரே ஆபீஸில் யூனிகோடு தமிழ் சுத்தமாக ஓடுகிறது. கூட வேலை பார்க்கும் பெண் இரண்டே நாளில் பழகிக்கொண்டாள். ஸ்கேனர் ஒன்றுதான் தகராறு செய்கிறது, அதைத் தயாரித்தவர்கள் லினக்ஸுக்கு டிரைவரே கொடுக்கவில்லை. அதற்காக ஒரு பழைய விண்டோஸ் மெஷினை நெட் இணைப்பு இல்லாமல் ஓரமாக வைத்திருக்கிறேன். லினக்ஸில் ஓடும் ஏ3 ஸ்கேனர் யாராவது வைத்திருந்தால் மாடல் சொல்லுங்கள், அடுத்த சீசனுக்கு முன் வாங்க வேண்டும்.