ஜிஞ்சர் பேக்கரா, சைமன் கிர்க்கா?

பிரிட்டிஷ் ப்ளூஸ் ராக்கை எந்த பேண்டில் தொடங்கலாம் என்று கேட்டால், கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டனுக்காகவே பலரும் க்ரீம் என்ற மூவர் பேண்டைச் சொல்வார்கள். கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு ட்ரம்ஸை மட்டும் கேட்டுப் பாருங்கள். என் தேர்வு, சைமன் கிர்க் ட்ரம்ஸ் வாசித்த ஃப்ரீ என்ற பேண்ட்.

1966 ஜூலையில் க்ரீம் உருவானபோது அதன் ட்ரம்மர் ஜிஞ்சர் பேக்கருக்கு வயது 26. ஜாஸில் ஊறி, பிரிட்டிஷ் ப்ளூஸ் பேண்டுகளை நடத்திய அலெக்சிஸ் கோர்னரிடமும் கிரஹாம் பாண்டிடமும் வாசித்துப் பக்குவப்பட்ட கை. காலால் அடிக்கும் பெரிய பேஸ் ட்ரம் இரண்டை வைத்துக்கொண்டு, கிளாப்டனுக்கும் பேஸ் வாசித்துப் பாடிய ஜாக் புரூஸுக்கும் சரிசமமாக மூன்றாவது குரலாகவே வாசித்தார். 'சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்'வில் ராக்கின் நான்கு அடித் தாளத்தில் வழக்கமாக இரண்டாம், நான்காம் அடிகளில் விழும் அழுத்தத்தை ஒன்றுக்கும் மூன்றுக்கும் மாற்றியதில்தான் அந்தப் பாட்டின் கனமே இருக்கிறது. அவருடைய தனி ஆவர்த்தனமான 'டோட்' ஸ்டூடியோவில் சுமார் 5 நிமிடம். 1968-இல் சான் பிரான்சிஸ்கோ மேடையில் 16 நிமிடத்தைத் தாண்டியது. அபாரமான வாசிப்பு. ஆனால் மூவரும் ஒரே நேரத்தில் பேசும் பேண்ட் அது. புரூஸுக்கும் பேக்கருக்கும் பழைய பகை வேறு. 1968 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்றார்கள்.

அதே ஆண்டுதான் ஃப்ரீ பிறந்தது. பெயர் வைத்தவர் அதே அலெக்சிஸ் கோர்னர். பேஸ் வாசித்த ஆண்டி ஃப்ரேசருக்கு 15 வயது, கிட்டாரிஸ்ட் பால் காசாஃபுக்கு 17, பாடகர் பால் ராஜர்ஸுக்கும் ட்ரம்மர் சைமன் கிர்க்குக்கும் 18. அந்த வயதில் கை சும்மா இருக்காது. கிர்க்கின் கை சும்மா இருந்தது. அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

1970-இல் வந்த 'ஆல் ரைட் நவ்' பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். சரணங்களில் பேஸ் கிட்டாரே கிடையாது; காசாஃப் திரும்பத் திரும்ப வாசிக்கும் கிட்டார் துணுக்கும் (ரிஃப்) கிர்க்கின் அடியும்தான் ராஜர்ஸின் குரலைத் தாங்குகின்றன. அந்த வெற்றிடத்தை வேறொரு ட்ரம்மர் உருட்டி நிரப்பியிருப்பார். கிர்க் நிரப்பவில்லை. பல்லவியில் ஃப்ரேசரின் பேஸ் நுழையும்போது பாட்டே அகலமாகிறது என்றால், அதற்கு இடம் விட்டுவைத்தவர் அவர். பிரிட்டனில் அது இரண்டாம் இடம் வரை ஏறியது.

ஃப்ரீயும் நிலைக்கவில்லை. 1971-இல் பிரிந்து, மீண்டும் கூடி, 1973-இல் முடிந்தது. போதைப் பழக்கத்தில் நொறுங்கிய காசாஃப் 1976-இல் விமானப் பயணத்திலேயே இறந்தபோது வயது 25. அவர் கிட்டாரின் அந்த அதிர்வை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

பிறகு என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவு. பேக்கர் ஆப்பிரிக்கத் தாளங்களைத் தேடி நைஜீரியாவின் லாகோஸ் போனார், அங்கத்திய இசைக்கலைஞர் ஃபெலா குட்டியுடன் வாசித்தார். 2019-இல் இறக்கும்வரை தேடல் ஓயவில்லை. கிர்க், ராஜர்ஸுடன் சேர்ந்து பேட் கம்பெனி என்ற பேண்டைத் தொடங்கினார். 1974-இல் முதல் ஆல்பமே அமெரிக்காவில் முதலிடம். பாடகர்கள் மாறினார்கள், கிர்க் மாறவில்லை.

தாளத்தின் எல்லைகளைத் தெரிந்துகொள்ள பேக்கரைக் கேளுங்கள். அதில் கிர்க் அவருக்கு ஈடில்லை. ஒரு பாட்டு எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ள கிர்க். 1997-இல் பீட்டில்ஸ் ட்ரம்மர் ரிங்கோ ஸ்டாரின் ஆல்-ஸ்டார் பேண்டில் ஜாக் புரூஸ் க்ரீமின் பாட்டுகளைப் பாடியபோது, பின்னால் ட்ரம்ஸில் ரிங்கோவோடு உட்கார்ந்திருந்தவர் கிர்க்தான்.